கீரை காய்ந்த துணி

நைட்ரிக் அமிலம் கொதிக்கும்போது எழும் செம்பழுப்புப் புகையை நினைத்து ஏங்குகிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போது நான் வேலை பார்க்கும் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அந்தப் புகையைக் கண்ணால் பார்க்க முடியாது. காய்கறித் தூளை மூடி போட்ட குழாயில் வைத்து, அமிலம் விட்டு, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரியான ஒரு பெட்டிக்குள் தள்ளிப் பொத்தானை அழுத்தினால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். நாம் போய் டீ குடித்துவிட்டு வரலாம். வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்காத சமையல் என்ன சமையல்?

வேலூரில் முதுகலை வேதியியல் படித்தபோது நாங்கள் நின்றுதான் பார்த்தோம். ஒரு கிராம் கீரைத்தூள், கண்ணாடிக் குடுவை, அமிலம், கீழே சூடு. முதலில் பச்சையாக நுரைக்கும். பிறகு கறுக்கும். அப்புறம் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட விட, தேநீர் நிறத்துக்கு வந்து, வைக்கோல் நிறத்துக்கு வந்து, கடைசியில் தண்ணீர் மாதிரித் தெளிந்து நிற்கும். இலை போய்விட்டது, அதற்குள் இருந்த உலோகம் மட்டும் மிச்சம். எத்தனை முறை பார்த்தாலும் அந்தத் தெளிவு எனக்கு அலுக்கவில்லை.

இன்னொரு பக்கம் ஊதாக் குழாய்கள். இலையில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு என்று பார்க்க, கரும் ஊதா நிறத்தில் ஒரு கரைசல் வைத்திருப்போம். அதில் இலைச்சாறு நாலு சொட்டு விட்டு, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, அலமாரிக்குள் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சத்துள்ள இலை என்றால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். முருங்கை இலைக்கு அரை மணி நேரமே தேவையில்லை, விட்ட கையோடு மஞ்சள். அலமாரியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் பார்க்கப் போகிற மாதிரி இருக்கும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் என்ன என்று அம்மா கேட்டபோது, "உடம்பு துருப்பிடிக்காம பாத்துக்குற சத்தும்மா" என்றேன்.

"அப்ப உங்கப்பாவுக்கு ரெண்டு கட்டு ஜாஸ்தியா போடணும். எழுந்திருக்கும்போது முட்டி துருப்புடிச்ச இரும்புக் கேட்டு மாதிரி சத்தம் போடுது" என்றாள்.

எங்கள் வீடு ஆம்பூரில். அப்பா ஒரு டேனரியில் பஃபிங் பிரிவில் இருந்தார். பதப்படுத்திக் காய்ந்த தோலை, உப்புத்தாள் சுற்றிய உருளையில் தேய்த்து வழுவழுப்பாக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூட மாவு மாதிரித் தூசு ஒட்டியிருக்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்தத் தூசுதான் சோறு போட்டது. அதனால் அதை யாரும் தூசு என்று நினைத்ததில்லை.

கடைசி வருஷ ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது, எங்கள் பக்கத்துக் கீரைகளில் எவ்வளவு சத்து, எவ்வளவு உலோகம் என்பது. கீரைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு தவிர தினமும் காலை ஆறரைக்கு எங்கள் தெருவுக்குள் ஒரு பழைய மொபெட் வரும். பின்னால் இரண்டு பிளாஸ்டிக் கிரேட்டில் ஈரச் சாக்கு மூடிய கீரைக்கட்டுகள். ஓட்டி வருகிறவர் கீரைக்கார அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். ரயில்வே கேட்டைத் தாண்டி, பாலாற்றுப் பக்கம் குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலத்தில் அவரே விதைத்து, அவரே கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி, அவரே பறித்து, அவரே விற்பார். எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருக்களும்தான் அவருடைய பிழைப்பு. மீந்ததை மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போட அவருக்குப் பிடிக்காது. "அங்க போனா எங்கீரை யாரோட கீரையோ ஆயிடும்" என்பார்.

ஆய்வுக்கு என்று சொன்னதும் அரைக்கீரையும் முளைக்கீரையும் சிறுகீரையும் மூன்று மூன்று கட்டாக எடுத்து என் கையில் வைத்தார். "படிப்புக்குன்னா சும்மா எடுத்துக்க பாப்பா. எங்கீரை எவ்ளோ சத்துன்னு மிஷின்ல பாத்து சொல்லு, தெருவுல நாலு பேருக்கு நானும் சொல்றேன்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு இன்னும் கேட்கிறது.

கீரையைக் காயவைக்க வேண்டும். கல்லூரியில் இருந்த ஒரே உலர்த்தும் அடுப்புக்கு எப்போதும் வரிசை. சூட்டில் காய்ந்தால் சத்தும் கெடும் என்பதால், நிழலில் காயவைத்துக் கொண்டுவா என்று எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் சொல்லியிருந்தார். அதே தூளில் பாதியைச் சத்துக்கும் பாதியை உலோகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கர்வம் அதைவிடச் சீக்கிரம் வரும். அந்த மூன்று மாதமும் வீட்டில் என் அட்டகாசம் தாங்க முடியவில்லை. கீரையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அப்புறம் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு முறை அலசினேன். அம்மா மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்தபோது, "எவர்சில்வர் பிளேடுலயே குரோமியம் இருக்குது, எடுத்துட்டுப் போ" என்று துரத்தினேன். பொடிக்கப் பீங்கான் உரல்தான். அப்பா ஆசையாக மாடி அறையில் பழைய செய்தித்தாள்களை விரித்து வைத்திருந்தார். அவரிடமும் பாய்ந்தேன்.

"பேப்பர் மையில ஈயம் இருக்கும்பா. என் ரீடிங் எல்லாம் பேஜாராய்டும். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

அவர் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் பீரோவின் மேலிருந்து ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவந்தார். பழைய வேட்டியில் பாதி. நாலாக மடித்திருந்தது.

"இது பரவாயில்லையா பாரு. கம்பெனியில மூக்குக்குக் கட்டினு இருந்தது. இப்பதான் மாஸ்க் குடுக்குறாங்களே, சும்மாதான் கெடக்குது. உங்கம்மா சோடா போட்டு வேகவெச்சுத் தொவச்சது."

பால் மாதிரி இருந்தது துணி. முகர்ந்து பார்த்தேன், வெயில் வாசனைதான் வந்தது. "இது ஓகே" என்றேன், ஏதோ அவரைத் தேர்வில் பாஸ் போட்ட மாதிரி. கீரையை நானும் அவரும் சேர்ந்துதான் அந்தத் துணியில் பரப்பினோம். ஒரு இலை மேல் இன்னொரு இலை படாமல் அவர் அவ்வளவு நிதானமாக வைத்தார். தோலை விரித்துப் பழகிய கை.

முதல் ரீடிங் எடுத்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு தனி விளக்கு மாட்டி, கீரைக் கரைசலை மெல்லிய குழாய் வழியாகச் சுடரில் தெளித்து, எவ்வளவு ஒளி குறைகிறது என்று பார்க்கும் கருவி அது. இரும்பு நன்றாக இருந்தது. துத்தநாகம் நன்றாக இருந்தது. குரோமியம் விளக்கு மாட்டியதும் எண் எகிறியது. மூன்று கீரைக்கும் எகிறியது. சாதாரணக் கீரையில் இருக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு.

குரோமியம் என்றால் எங்கள் ஊரில் தனியாக விளக்க வேண்டியதில்லை. தோல் பதப்படுத்தும் சரக்கே அதுதான். ஆற்றோர நிலத்தில் விளைந்த கீரையில் அது இருக்கிறது என்றால் நேராகக் கோடு போட்டுவிடலாம் என்று தோன்றியது. நானும் போட்டேன். மேடம் மட்டும், "அவசரப்படாதே, வேற ஊர்க் காய்கறி ஒண்ணையும் இதே மாதிரி செஞ்சு ஒப்பிட்டுப் பாரு. அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதே" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடிந்ததா? ஏதோ கண்டுபிடித்துவிட்ட பரவசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலூரிலிருந்து வீடு திரும்பும் பஸ் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் மனசுக்குள் அதற்குத் தலைப்பே வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாட்டில் அம்மா கீரைக் கடைசலை வைத்தபோது தட்டைத் தள்ளினேன். "இதுல இன்னா இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?"

அம்மா பயந்துவிட்டாள். மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல் போய்ச் சேர்ந்தது. "நம்ம தெருவுக்கு வர்ற கீரையில டேனரி மருந்து இருக்குதாம்ப்பா. எம்பொண்ணு காலேஜு மிஷின்ல பாத்துச்சு. பசங்களுக்குக் குடுக்காதீங்க." கெட்ட எண்ணத்தில் சொன்னது இல்லை. பெண்ணைப் பற்றிய பெருமையும் அதில் பாதி இருந்தது. நான் தடுக்கவில்லை. உள்ளூர எனக்கும் இனித்தது.

திங்கட்கிழமை காலை மொபெட் வந்தது. யாரும் வெளியே வரவில்லை. அக்கா தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் குரல் கொடுத்தார். செவ்வாயும் அப்படித்தான். புதன்கிழமை எங்கள் கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். கிரேட் இரண்டும் நிரம்பியிருந்தன.

"எங்கீரைய பத்தி உன் மிஷின் இன்னா சொல்லுச்சு பாப்பா?"

நான் மில்லிகிராம் கணக்கில் ஆரம்பித்து, மண், தண்ணீர், வேர் என்று வகுப்பே எடுத்தேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"எங்கெணறு ஆத்துக்குத் தள்ளி மேட்டுல கீது. அந்தக் கீரையதான் நானும் துன்றேன்" என்று மட்டும் சொன்னார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வியாழக்கிழமையிலிருந்து மொபெட் சத்தம் வரவில்லை.

அதற்கடுத்த வாரம் மேடம் சொன்னபடி ஒப்பிடக் காய்கறி தேடினேன். மார்க்கெட்டில் ஊட்டி கேரட் வாங்கி, மெல்லிசாக நறுக்கி, அதே துணியில் காயவைத்து, அதே உரலில் இடித்து, அதே அமிலத்தில் வேகவைத்து, சுடரில் தெளித்தேன். குரோமியம் எகிறியது. கீரையில் இருந்த அதே அளவு. இரண்டாவது குடுவையும் அப்படியே.

மேடம் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஊட்டியில எந்த டேனரி இருக்குது?" என்றார்.

அமிலத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன், சுத்தம். தண்ணீர் சுத்தம். உரலில் வெறும் சர்க்கரையை இடித்துப் பார்த்தேன், சுத்தம். மிச்சம் இருந்தது ஒன்றுதான். மறுநாள் வீட்டிலிருந்து அந்தத் துணியில் விரல் அகலத்துக்கு ஓரமாக வெட்டிக்கொண்டுபோய், அமிலத்தில் கரைத்துக் கருவியில் வைத்தேன். நான் வைத்திருந்த அளவுகோலையெல்லாம் தாண்டி எண் மேலே போய்விட்டது. நூறு தடவை துவைத்தாலும் நூலின் இடுக்கில் உட்கார்ந்த தோல்தூசு போகாது. இலையில் அதில் ஒரு பொட்டு ஒட்டினால் போதும். பிளேடைச் சந்தேகப்பட்டேன், மையைச் சந்தேகப்பட்டேன். எங்கப்பாவின் துணியைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவேயில்லை. தினமும் பார்த்த தூசு அது.

கல்லூரி அடுப்பில், கண்ணாடித் தட்டில், புதுக் கீரையைக் காயவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு அக்காவின் நிலத்துக்கே போனேன். ரயில்வே கேட்டுக்கு அப்பால் பஸ் போகாது, நடந்தேன். அவர் பாத்தியில் குனிந்திருந்தார். பறிக்காமல் விட்ட முளைக்கீரை முழங்கால் உயரத்துக்குத் தண்டாகி நின்றது. என் முகத்தைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. "இன்னொரு தடவ பாக்கணும்க்கா" என்றேன். "எடுத்துனு போ" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாளில் முடிவு வந்தது. அந்தக் கீரையில் ஒன்றுமே இல்லை. எந்த ஊர்க் கீரையிலும் இருக்கிற அளவுதான். இன்னொரு பக்கம் ஊதாக் குழாய், அலமாரிக் கதவைச் சாத்துவதற்குள் மஞ்சளாகி நின்றது. அவ்வளவு சத்து. அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்திலேயே அழுதேன். மேடம் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

வீட்டில் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் அது உடனே குழுவில் ஏறிவிடும். எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு நாள் திருடி மாதிரி இருந்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் நிலத்துக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துணி யாருடையது என்பது உட்பட. குழுவில் எழுதிப் போடுகிறேன் என்றேன்.

அவர் கையில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"தப்புன்னு சொன்னத எல்லாரும் கேப்பாங்க. தப்பு இல்லன்னு போன்ல போட்டா யாரு கேப்பா? நாளைக்குக் காத்தால வர்றேன். நீ என்கூட வா. வூடு வூடா உன் வாயால சொல்லு."

அப்படித்தான் மறுநாள் காலை ஆறரைக்கு மொபெட்டுக்குப் பக்கத்தில் நான் நடந்தேன். அக்கா குரல் கொடுத்தார், கதவு திறந்தது, நான் சொன்னேன். "கீரை மேல தப்பு இல்ல. நான் காயவெச்ச துணியிலதான் இருந்துச்சு. நான் தப்பா சொல்லிட்டேன்." முதல் வீட்டில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது வீட்டில் ஒரு அம்மா, "படிச்ச பொண்ணு இப்டி பண்ணலாமா?" என்றார். பண்ணக்கூடாதுதான். ஒருவர் சிரித்தார். ஒருவர் நம்பாமல் கதவைச் சாத்தினார். "எந்தத் துணி?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். "ஒரு பழைய துணி" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. பத்துப் பதினைந்து கட்டு போனது.

தெருவின் கடைசி வீடு எங்களுடையது. நான் தயங்கினேன். "இதுவும் வூடுதானே" என்று சொல்லி அக்கா குரல் கொடுத்தார்.

அப்பாதான் வந்தார். ஷிஃப்டுக்குக் கிளம்பி, சட்டை போட்டு, தினமும் கம்பெனிக்குக் கொண்டுபோகும் துண்டு தோளில் கிடக்க நின்றார். அவருக்குப் பின்னால் அம்மா. மற்ற வீடுகளில் சொன்னதையே இங்கேயும் சொன்னேன், ஒரு வார்த்தை மாறாமல்.

"எந்தத் துணிம்மா?" என்று அப்பா கேட்டார்.

மற்ற வீடுகளில் சொன்ன 'ஒரு பழைய துணி' எனக்கு அங்கே வாயில் வரவில்லை. "நீங்க குடுத்ததுப்பா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என்னையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அதப் பத்து வருஷம் மூக்குல கட்டினு இருந்தேன்" என்றார், யாரிடமோ வழி கேட்கிற மாதிரி மெதுவாக.

அக்கா இருப்பதிலேயே பெரிய கட்டாகப் பார்த்து எடுத்து நீட்டினார். வாங்கப் போன கையை அப்பா பின்னால் இழுத்துக்கொண்டார். வாசல் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் இரண்டு தடவை கழுவினார். துடைத்துக்கொள்ளத் தோளில் கிடந்த துண்டை எடுக்கப் போனார். கை பாதியிலேயே நின்றது. அதைத் தொடாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து கீரையை வாங்கிக்கொண்டார்.